வயிற்றெரிச்சல்

பாதிச் சாப்பாடு முடிந்ததும் அக்காவின் கை நின்றுவிடும். இடது கையால் டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரைகளை எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு மடக்குத் தண்ணீர். அதன் பிறகுதான் மிச்சப் பாதி. "மேலயும் சாப்பாடு, கீழயும் சாப்பாடு. நடுவுல மாட்டினது எங்க ஓடும்?" என்பாள்.

இது நடப்பது பயிற்சிக் காரின் முன்னிருக்கையில், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே ஊன்றியபடி. மணி ஒன்று பத்து. மழை பெய்தாலும் ஒன்று பத்துதான். மழை பெய்தால் அந்த ஒரு கால் நனையும், அவ்வளவுதான் வித்தியாசம். அலுவலகக் கண்ணாடி வழியாகத் தங்கை இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததும் வேண்டுமென்றே மெதுவாக மெல்லுவாள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இரண்டு பேருடையது. போன், படிவம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் எல்லாம் தங்கை. காரும் கத்தலும் அக்கா. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். பெயர் தெரியாது. க்ளட்ச் மேடம் என்றால் தெரியும்.

கற்றுக்கொடுக்கும்போது அவள் முழு வாக்கியம் பேசுவதில்லை. பேசினால் அது திட்டு. "ஸ்டீயரிங்க ஏம்ப்பா கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிக்கிற? அது உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" "கண்ணாடியப் பாருன்னா உன் மூஞ்சிய இல்லம்மா, பின்னாடி வர்ற லாரிய." கணக்கு வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கேட்பார். "மோதாத டிகிரி" என்பாள். அவளுடைய பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு க்ளட்ச் உண்டு. நாள் முழுக்க அவள் பாதங்கள் அவற்றின் மேல் அரை அங்குல உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். சாயங்காலம் வீட்டில் பாதம் இரண்டையும் சுவரில் ஏற்றிவைத்துக்கொண்டு படுப்பாள்.

ஒவ்வொரு வகுப்பும் முடிந்து உள்ளே வந்து சாவியை மேசையில் எறிவாள். "வயித்தெரிச்சல்டி" என்பாள். தங்கை நிமிராமல் "ம்" என்பாள். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார்.

அக்காவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தங்கைக்கும் மாத்திரை கொடுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் தெரியும். பதினான்கு வருடம் ஆகிறது. மருத்துவமனைக்குப் புதிதாக வந்த ஒரு பயிற்சிப் பெண், "எப்படிம்மா வந்துச்சு?" என்று குழைந்து கேட்டாள். "பஸ்ஸுல வந்துச்சு. டிக்கெட் எடுக்காம." அந்தப் பெண் அதற்குப் பிறகு அக்காவின் கோப்பு வந்தால் வேறு யாரிடமாவது தள்ளிவிடுவாள்.

முதலில் கொடுத்த கூட்டு மருந்து எட்டு வருடம் தாங்கியது. அதைக் கெடுத்தவள் அக்காதான். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வாரக்கணக்கில் விட்டாள். மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். இப்போது சாப்பிடுவது இரண்டாம் கட்ட மருந்து. அதில் ஒன்று அடசானவிர். அதோடு சேர்ந்து வரும் ரிட்டோனவிர் அதற்குத் துணை. இந்த வகைக்குப் புரோட்டியேஸைத் தடுக்கும் மருந்து என்று பெயர். மருந்து கொடுக்கும் அம்மாள் அதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "கிருமிகிட்ட ஒரு கத்தரிக்கோல் இருக்கு. அதால வெட்டி வெட்டித்தான் புதுக் கிருமிய ஒட்டவைக்குது. இந்த மாத்திரை அந்தக் கத்தரிக்கோல இறுக்கிப் பிடிச்சுக்கும். வயிறு நிறைய சாப்பிட்டுப் போடுங்க. ஒரு நாளும் விடாதீங்க."

இந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. கண்ணின் வெள்ளை கொஞ்சம் மஞ்சளானது. அது இந்த மாத்திரையின் குணம், ரத்தம் பார்த்தாயிற்று, ஈரல் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் விடவில்லை. "மேடம், கண்ணு மஞ்சளா இருக்கே, காமாலையா?" "ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி பாரு. என் கண்ணுக்குள்ள பாக்காத."

போன மாதம் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை வந்தது. இத்தனை வருடம் அறிக்கையில் அந்தக் கட்டத்தில் 'கண்டறிய முடியாத அளவு' என்று இருக்கும். இந்தத் தடவை நாலாயிரத்துச் சொச்சம்.

மருத்துவமனை ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை வேளை விட்டுப்போச்சு?"

"என்னது?"

"திட்ட மாட்டேன். மனசு விட்டுச் சொல்லுங்க."

"நீங்க திட்டுவீங்களா? திட்டுன்னா என்னன்னு என் வண்டியில வந்து உக்காந்து பாருங்க. ஒரு வேளை விடல. பெட்டியக் கவுத்து எண்ணிக்குங்க."

எண்ணினார். சரியாக இருந்தது. அவருக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

"வேற மாத்திரை எதாவது போடுறீங்களா?"

"இல்ல."

"சிரப், ஊசி?"

"இல்லன்னு சொல்றேனே."

"உடம்புக்கு வேற தொந்தரவு?"

"வயித்தெரிச்சல்தான். வேற என்ன? பதினாலு பேருக்கு ஓட்டக் கத்துத்தரேன்."

அவர் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். கோப்பில் எதுவும் ஏறவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், அப்போதும் ஏறியிருந்தால் மருந்துக்குப் பழகிவிட்டதா என்று ஒரு பரிசோதனை, பிறகு மாற்றம் என்றார். "மாத்தறதுக்கு இனிமே கைவசம் நிறைய இல்லம்மா." அக்கா அப்போது சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் வாங்கியது தங்கைதான்.

அன்றிலிருந்து தங்கை காவல்காரியானாள். ஒன்று பத்துக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் காருக்கு அருகில் வந்து நிற்பாள்.

"என்ன, நம்பலையா?"

"நம்பறேன். எண்ணிக்கிட்டே நம்பறேன்."

"வாயத் திறந்து காட்டட்டுமா?"

"காட்டு."

காட்டினாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள். எதிர்ப் பக்கக் கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் பல்வலி என்று முடிவு கட்டினார். ஒரு வாரம் இப்படி நடந்தது. மாத்திரை உள்ளே போகிறது, சந்தேகமே இல்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? தங்கைக்கு இரவில் விழிப்பு வந்தது. அக்கா குறட்டை விட்டாள். அதுவும் தங்கைக்கு எரிச்சலாக இருந்தது.

காரைத் தண்ணீர் அடிக்க விடுவதற்கு முன் உள்ளே இருப்பதை எடுப்பது தங்கையின் வேலை. இந்தத் தடவை காலடி விரிப்பையும் தூக்கினாள். வெள்ளிக் காகிதம். இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் கை விட்டாள். இன்னும் வெள்ளிக் காகிதம். கதவுப் பையில் ஒரு கத்தை. எல்லாம் காலி அட்டைகள். மொத்தம் பதினேழு. முகர்ந்து பார்த்தால் பெப்பர்மின்ட் வாசனை. எந்தக் கடையிலும் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கிற, நெஞ்செரிச்சலுக்கு மெல்லுகிற வெள்ளை வில்லை.

ஒரு காலி அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மருந்து கொடுக்கும் அம்மாளிடம் போனாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எப்ப எப்ப?"

"தெரியல. காலைல ஒவ்வொரு ஆள் முடிஞ்சதும்னு நினைக்கிறேன்."

"ஒண்ணு பத்து வரைக்குமா?" அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அடசானவிர் கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும். இவங்க காலைலேர்ந்து அதை அணைச்சுக்கிட்டே இருக்காங்க. அப்புறம் மாத்திரையப் போட்டு என்ன பண்றது? பாதிக்கு மேல உள்ளயே ஏறியிருக்காது." மெல்லுகிற வில்லைக்கும் மாத்திரைக்கும் இடையில் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்றார். அமிலத்தைக் குறைக்க வெறும் வயிற்றில் போடுகிற கேப்சூல்கள் இதைவிட மோசம், அவற்றை இங்கே கேட்காமல் தொடவே கூடாது. கொழுப்பு மாத்திரை, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே, மூலிகைப் பொடி எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். "ஏன் சொல்லல? ஒவ்வொரு தடவையும் கேக்கறோமே."

அதைத்தான் தங்கை வீட்டில் கேட்டாள். பதினேழு அட்டைகளையும் படுக்கையில் கொட்டினாள். அக்கா சுவரிலிருந்து காலை இறக்கவில்லை.

"வேற மாத்திரை போடுறீங்களான்னு அந்த மனுஷன் உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரா இல்லையா?"

"கேட்டாரு. போடலன்னேன்."

"இது என்ன?"

"நான் எங்கடி போட்டேன்? மென்னேன்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையிலேயே அடித்துக்கொண்டாள், சத்தம் கேட்டது. "வயிறு எரியுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அக்கா இப்போது எழுந்து உட்கார்ந்தாள். "ஆறு மாசமா தினமும் அதைத்தானேடி சொல்றேன்."

தங்கை அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கி முடிக்க வெகு நேரம் ஆனது.

வில்லையை அக்கா அன்றோடு நிறுத்தினாள். வயிறு நிறுத்தவில்லை. பத்தாம் நாள் காலை, கணக்கு வாத்தியாரின் வகுப்பு நடுவில் காரை ஓரம் கட்டச் சொல்லி, மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் பயந்துபோய்த் தங்கைக்குப் போன் செய்தார். அக்காவின் மருத்துவமனை ஊரின் மறுகோடி. பக்கத்திலிருக்கும் டாக்டரிடம் போகலாம் என்றாள் தங்கை.

"தெரிஞ்சவங்க இல்லாத இடமா பாரு."

"ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுத்துட்டு இப்ப எங்க தேடறது?"

"உள்ள கேப்பாங்கடி. வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா நான் உக்காந்த சீட்டுல எவன் உக்காருவான்?"

"சொல்லலைன்னா நீ உக்காரவே இருக்க மாட்ட." சொன்ன பிறகு தங்கை வண்டியின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

காத்திருக்கும் அறையில் மூன்று பேர் "மேடம்" என்று எழுந்தார்கள். உள்ளே டாக்டரும் எழுந்தார். அக்காவிடம் கற்று, மூன்றாம் தடவைதான் லைசென்ஸ் வாங்கியவர். நேரம் மிச்சமாகட்டும் என்று அடுத்த ஆளையும் அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் பெரியவர். "எங்க பொண்ணு மேடம்கிட்டதான் கத்துக்கறா. நல்லாத் திட்டுவாங்களாம்" என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்.

"என்ன மேடம் பண்ணுது?"

"வயித்தெரிச்சல்."

"யாரால? என்னாலயா?" டாக்டர் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திவிட்டு வயிற்றை அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். "ஒண்ணும் பயமில்ல. காலைல வெறும் வயித்துல ஒரு கேப்சூல். ரெண்டு மாசம். வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?"

தங்கை வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் அக்காவின் கை அவள் முழங்காலை அழுத்தியது.

"சாப்பிடறேன்" என்றாள் அக்கா.

"என்ன மாத்திரை?"

ஸ்டூலில் இருந்தவர் அக்கறையோடு கழுத்தை நீட்டினார். மின்விசிறி சுற்றியது. அக்கா எழுந்து டாக்டரின் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். கேப்சூல் வரியைக் குறுக்கே அடித்தாள். அதன் கீழே ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக, ஒரு பிழையும் இல்லாமல் மாத்திரைகளின் பெயர்களை எழுதினாள். அதற்கும் கீழே நோயின் மூன்று எழுத்துக்கள். தாளை மறுபடி அவர் பக்கம் திருப்பி, முதல் எழுத்தின் கீழே சுட்டுவிரலை வைத்தாள். டாக்டரின் கண் நகர நகர விரலும் நகர்ந்தது. கடைசி எழுத்தில் நின்றது. அவர் தலை நிமிரும்வரை அதை அங்கிருந்து எடுக்கவில்லை.