பாத்திரத்தை மூடி வைத்த ஞாயிறு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சபை ஒன்றுக்குக் குருவாகப் போய் நான் நடத்திய முதல் திருவிருந்து ஆராதனை பாதியிலேயே நின்றுபோனது.

அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துவிட்டு, சபையாரை அழைக்கத் திரும்பினேன். பெண்கள் பக்கத்தில் பாயிலிருந்து மார்த்தாள் எழுந்தாள். நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை செய்கிறவள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"ஐயா, நான் இன்னைக்கு விருந்து எடுக்க மாட்டேங்க."

"ஏம்மா?"

"எங்க வீட்டுக்காரரு கையை ஒடிக்கச் சொன்னவரு முன் பெஞ்சுல உக்காந்திருக்காருங்க."

முன் பெஞ்சில் இருந்தவர் ஞானமுத்து. சபையின் மூத்த மூப்பர். மிராசுதாரிடம் காரியஸ்தர். நான் வந்திறங்கிய அன்று என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தவர்.

அந்த வருஷம் சம்பா அறுப்புக்குக் கூலி கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. வரப்புக்கு வரப்பு சிவப்புக்கொடி. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். மறித்து நின்றவர்களை அவருடைய அடியாட்கள் தடியால் அடித்தார்கள். அதில் மார்த்தாளின் கணவர் அருளப்பன் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும். அடியாட்களை ஏவி நின்றவர் எங்கள் மூப்பர் என்பதுதான் தெரியாது. ஊருக்கே தெரிந்திருந்தது.

ஞானமுத்து மறுக்கவில்லை. "அது வயல்ல நடந்ததுங்க. கோயில்ல எதுக்கு அந்தப் பேச்சு? ஐயா நடத்துங்க" என்றார், வெகு சாதாரணமாக. அந்தச் சாதாரணத்தில்தான் நான் ஆடிப்போனேன்.

பாத்திரத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடினேன். "இன்று யாருக்கும் இல்லை" என்றேன். இன்னொரு மூப்பர் எழுந்து, "பீடத்துல வெச்சதை நிறுத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று கேட்டார்.

மார்த்தாள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "எனக்காக ஊருக்கே நிறுத்த வேணாம்ங்க. மூப்பரு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து எங்க வீட்டுக்காரரு மொகத்தைப் பாத்துட்டு வரட்டும். அப்புறம் அவரு பக்கத்துலயே நான் முழங்கால் போடுறேன்."

ஞானமுத்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். இனி சபைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அந்த வாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தனியாப் போகத் தைரியம் இல்லைங்க. கூட வர்றீங்களா?"

இருவரும் பஸ்ஸில் போனோம். வார்டில் அருளப்பன் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தார். மூப்பரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வடக்குவெளி அறுத்தாச்சுங்களா?" என்று கேட்டார். "மழைக்கு முன்னால நெல்லு களத்துக்கு வந்துடுச்சா?"

அவரும் மார்த்தாளும் நாற்றுப் பறித்து நட்ட வயல் அது. ஞானமுத்து கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிடு அருளப்பா" என்றார்.

"மன்னிச்சேன்னு சொல்ல இன்னும் வாய் வரலீங்க. கை வலிக்குது. ஆனா நேர்ல வந்தீங்க."

அடுத்த திருவிருந்தில் மார்த்தாள் சொன்னபடியே மூப்பரின் பக்கத்தில் முழங்கால் போட்டாள். அந்த வருஷக் கூலித் தகராறு எங்களால் தீரவில்லை. தாலுகா ஆபீஸில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் தீர்ந்தது. மறு அறுப்பில் மிராசுதார் திரும்பவும் வெளியூர் ஆட்களைக் கேட்டபோது, கூட்டிவர மாட்டேன் என்று சொல்லி ஞானமுத்து வேலையை இழந்தார். அருளப்பனின் கை கடைசிவரை நேராகவில்லை.

புதிதாகச் சபைப் பொறுப்பை ஏற்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடுவில் யாராவது எழுந்து பேசினால், ஒழுங்கு கெடுகிறது என்று உட்காரச் சொல்லிவிடாதீர்கள். அன்று மார்த்தாளை உட்காரச் சொல்லியிருந்தால் ஆராதனை ஒழுங்காக முடிந்திருக்கும். வேறொன்றும் நடந்திருக்காது.