மூடி வைக்கச் சொல்லி நான் கேட்ட துஆ

எங்கள் ஊரில் சாராயக் கடை இல்லை. ஆண்பிள்ளை வீட்டுக்கு வரும்போது வாயில் வாடை இல்லையென்றால் அவர் நல்லவர். இதுதான் எங்கள் அளவுகோல். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். என் கணவர் சபீக் கல்முனையில் புடவைக் கடை வைத்திருக்கிறார். சுனாமியன்று இடிந்த சுவர் ஒன்று அவர் முதுகில் விழுந்தது. அவர் தப்பினார். எங்கள் மூத்த மகள் தப்பவில்லை. நோவுக்கும் நித்திரைக்கும் டொக்டர் மாத்திரை கொடுத்தார், சில மாதங்களில் குறைத்து நிறுத்தவும் சொன்னார். இவர் நிறுத்தவில்லை. டொக்டர் எழுதிய துண்டு இல்லாமலே மாத்திரை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறானது. எனக்கு அரைகுறையாகத் தெரியும். மருந்துதானே, ஹராமா என்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

யுத்தம் முடிந்து வந்த முதல் நோன்பு மாதம். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடும் நோன்பு திறந்த பிறகும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பகலெல்லாம் ஒழுங்காக நோன்பு பிடித்தார். பின்னேரம் அசர் நேரமானால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பிள்ளைகளிடம் எரிந்து விழுவார். நோன்புக் களைப்பு என்று நினைத்து, கஞ்சியை இன்னும் ஓர் அகப்பை கூட ஊற்றிக் கொடுத்தேன். என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல!

பெருநாளுக்கு முந்திய வாரம் அலுமாரியை ஒதுக்கினேன். மடித்து வைத்த சாரன்களுக்குள்ளிருந்து மாத்திரை அட்டைகள் கொட்டின. அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இல்லாம எனக்கு ஏலா புள்ள. மூத்தவள்ற சத்தம் காதுல கேக்குது."

நானும் அவளைப் பெற்றவள்தானே. அழுதேன். பிறகு அட்டைகளை எல்லாம் மலசலகூடக் குழியில் கொட்டினேன். மாமி, அவருடைய உம்மா, ஓதின தண்ணீர் கொண்டுவந்தார். என் கணவரும் சம்மதித்துத்தான் அறைக்குள் போனார். நான் வெளியே பூட்டினேன். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஐந்து நேரத் தொழுகையிலும் ஒரே துஆதான் கேட்டேன்: யா அல்லாஹ், எங்கள் மானத்தை மூடி வை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் காணவில்லை என்றால் ஊர் கேட்கும். அதற்காகவே பூட்டைத் திறந்துவிட்டேன். பள்ளிவாசல் முன்றலில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, வலிப்பு வந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில், தூக்கி வந்தவர்கள் சுற்றி நிற்க, டொக்டர் என்னிடம் கேட்டார். "என்ன மருந்து எடுத்தவர்? எப்ப நிப்பாட்டினவர்?" எல்லாக் கண்களும் என் மேல். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஆள் போய்விடுவார். அறையில் பூட்டி வைத்தது வரை எல்லாம் சொன்னேன்.

அன்று அல்லாஹ்வோடு எனக்குக் கோபம். மூடச் சொன்னதை இப்படித் திறந்துவிட்டாயே என்று மனத்துக்குள் சண்டை பிடித்தேன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த இந்துத் தாதி ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தங்கச்சி, இது பேயும் இல்ல, கெட்ட குணமும் இல்ல. வருத்தம், ஒரு நோய். இந்த மாத்திரைய ஒரேயடியா நிப்பாட்டினா வலிப்பு வரும். பூட்டின அறைக்குள்ள வந்திருந்தா ஆர் கண்டிருப்பா?"

நான் கேட்டதை அல்லாஹ் தந்திருந்தால் அன்றே விதவையாகியிருப்பேன்.

மறுவாழ்வு நிலையம் ஒன்று தேட வேண்டும் என்றும் அந்தத் தாதிதான் சொன்னார். போகிற இடமெல்லாம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். டொக்டர் வருவாரா? குடும்பத்தார் வந்து பார்க்கலாமா? வீட்டுக்கு விட்ட பிறகு யார் பார்ப்பது? நானும் என் கூடப்பிறந்த காக்காவும் அலைந்தோம். ஓரிடத்தில் ஏழு நாளில் ஆளை மாற்றித் தருகிறோம் என்றார்கள். உள்ளே ஒருவரின் கணுக்காலில் சங்கிலித் தழும்பைக் கண்டேன். வந்த காலோடு திரும்பினோம். இன்னோரிடத்தில் தமிழ் கதைக்க ஒருவரும் இல்லை. மகள் போன துக்கத்தை அவர் எந்தப் பாஷையில் சொல்வார்?

ஊர் சும்மா இருக்குமா? உறவுக்காரச் சாச்சி ஒருவர் வீட்டுக்கே வந்தார். "ஊடு உன்ட பேர்ல. அவர்ர உம்மாட ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு நிம்மதியா இரி." எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளை வந்து இருப்பார். அனுப்புவது சுலபம். நான் அனுப்பவில்லை.

கடைசியில் மலைநாட்டுப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. சோதனைச் சாவடிகளில் ஏறி இறங்கி ஒரு நாள் முழுக்கப் பிரயாணம். அங்கே தமிழில் கதைத்த உத்தியோகத்தர் சொன்னது இதுதான்: "மருந்தக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைப்பம். சுகமானாலும் திரும்ப மாத்திரையில விழலாம். விழுந்தா ஏசாம கூட்டிட்டு வாங்க." உத்தரவாதம் ஒன்றும் தராத அந்த மனிதரைத்தான் நான் நம்பினேன்.

என் கணவர் மூன்று மாதம் அங்கே இருந்தார். மகளைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்து கதைத்தாராம். அடுத்த வருடம் ஒரு முறை விழுந்தார். ஏசவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாக ஏசினேன். ஏசிக்கொண்டே பஸ் ஏற்றினேன். அதற்குப் பிறகு விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முதுகு நோவு இன்னும் இருக்கிறது. இப்போது மகளின் பெயரைச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறோம். முன்பு அதுவும் எங்களுக்கு முடியவில்லை.

சகோதரிகளே, துஆவைக் கைவிடாதீர்கள். நீங்கள் கேட்ட உருவத்தில் அது வராவிட்டால் கலங்காதீர்கள். சில வேளை டொக்டரின் கேள்வியாக வரும், வேற்று மதத்துப் பெண்ணொருத்தியின் வாயால் வரும். உங்கள் வீட்டில் மாத்திரையோ தூளோ நுழைந்திருந்தால் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தப் பார்க்காதீர்கள்.

அந்த நிலையத்தின் விலாசம் கேட்டு இப்போதும் பெண்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். முக்காட்டை இழுத்து மூடி, பின்பக்கத்துக் குறுகலான ஒழுங்கை வழியாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, இருந்து கதைத்து, போகும்போது முன்வாசலைத் திறந்துவிடுகிறேன்.