வெள்ளிமலை அருகே ஒரு மிலிட்டரி ஸ்கூல் இருந்தது

கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் போனது ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடத்தைப் பார்க்க. என் கணவர் சேகர் சிறுவயதில் அங்கே ஒன்றரை வருடம் படித்தவர். ரிஷிவந்தியம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். எட்டாம் வகுப்பு நடுவில் அவருடைய அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப் போய்விட்டார். ஏன் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் தங்கியிருந்தபோது, "ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்றார்.

காலை ஏழு மணிக்குக் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மலைப்பாதை என்பதால் இரண்டு மணி நேரம் ஆனது. வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். (நான் பூரி சாப்பிட்டிருந்தேன்.) வெள்ளிமலையில் ஜீப் பேசினோம். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட அறுநூறு ரூபாய்.

"பள்ளிக்கூடமா? அது இப்ப இல்லீங்களே," என்றார் டிரைவர். "சின்னபொண்ணு அக்கா அந்த எடத்துல மரவள்ளி போட்டுக்கினு இருக்குது. அதுவும் அங்க படிச்சதுதான், அதுகிட்டயே கேளுங்க."

"பொண்ணா? அங்க பசங்க மட்டுந்தானே," என்றார் சேகர்.

ஐந்து கிலோமீட்டர் போனதும் அந்த மரவள்ளிக் கொல்லை வந்தது. சின்னபொண்ணு களை வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம், நிமிர்ந்த முதுகு. இவர் யாரென்று சொன்னதும் வேலையை விட்டுவிட்டு வந்தார். பள்ளியில் மிச்சமிருந்தது ஒரு சிமென்ட் தொட்டி மட்டும். அதன் விளிம்பில் உட்கார்ந்தோம்.

பள்ளியை ஆரம்பித்தவர் ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார் ஒருவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். கையிலிருந்த பணத்தில் தகரக் கொட்டகை போட்டார். மொத்தப் பையன்களும் ஒரே பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுப் பையன்கள் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் மலைப் பையன்களும் சாப்பிட்டுப் படித்தார்கள். விடிந்ததும் ஓட்டம், அணிவகுப்பு, பிறகு வழக்கமான பாடம். சின்னபொண்ணுவின் அம்மாதான் சமையல். கூட வந்த மகள் அணிவகுப்பைப் பார்த்துப் பார்த்து, கொட்டகைக்குப் பின்னால் தனியாக நடந்து பழகியிருக்கிறாள்.

"எங்கம்மாதான் கேட்டுச்சு, 'இதையும் சேத்துக்கோங்க சார்'னு. பட்டாளத்துல பொண்ணுங்கள எடுக்க மாட்டாங்கம்மான்னாரு. 'பட்டாளம் இன்னாத்துக்கு சார், கீழ போனா நாலு பேர்கிட்ட நின்னு பேசத் தெரிஞ்சா போதும்'னுச்சு. ரெண்டு மூணு நாள் போச்சு. அப்பறம் எனக்கும் இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் காக்கித் துணி எடுத்தாந்தாரு."

துணி தைத்து வருவதற்குள் செய்தி கீழே போய்விட்டது. பெண் பிள்ளைகளோடு, அதுவும் மலைப் பெண்களோடு, எங்கள் பையன் ஒரே வரிசையில் நிற்பதா என்று அப்பாக்கள் கிளம்பி வந்தார்கள். அந்த மூன்று பேரையும் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டால் போதும் என்றார்கள்.

"'கூட்டிக்கினு போறவங்க போலாம், வரிசை இப்படித்தான் நிக்கும்'னு சார் சொல்லிட்டாரு. பணம் நின்னா அடுப்பு எரியாதுன்னு அவருக்குத் தெரியாதா?"

சேகர் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப எங்கப்பாவும் அதுக்குத்தான் வந்தாரா?"

"எல்லாருமேதாங்கண்ணா. உங்கள மட்டுமா கூட்டிக்கினு போனாங்க?"

அதன்பிறகு சுபேதாரின் பென்ஷனில் பள்ளி மூன்று வருடம் ஓடியது. சின்னபொண்ணுவின் அம்மா சம்பளம் வாங்காமல் சமைத்தார். பிறகு மூடிவிட்டு, சுபேதார் வேலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சின்னபொண்ணுவுக்குப் போலீஸ் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது மட்டும் விழுப்புரத்துக்கு வந்து நின்றாராம்.

"உயரம் அளந்தாங்க. கம்மி. ஓடவே வுடல. வெளிய வந்து அழுதுக்கினு நின்னேன். டீ வாங்கிக் குடுத்துட்டு இருன்னாரு. சாயந்திரம் எல்லாரும் போனப்பறம் அதே கிரவுண்டுக்கு இட்டுக்கினு போயி, இப்ப ஓடுன்னாரு. புடவையத் தூக்கிச் செருவிக்கினு ஓடினேன். வாட்ச்ச பாத்துட்டு, 'நீ பாஸு'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பறம் பஸ் ஏத்தி வுட்டாரு. அதோட அவர பாக்கல."

கிளம்பும்போது சேகர், "அணிவகுப்பு எந்தப் பக்கம் நிக்கும், மறந்துட்டேன்," என்றார். மரவள்ளிக்கு நடுவே கூட்டிப் போய்க் காட்டினார் சின்னபொண்ணு. "மொத நாளு நாங்க நின்னப்ப வரிசையில நெறைய எடம் காலியா இருந்துச்சு. உங்க எடத்துலதான் நின்னேனோ இன்னாவோ." ஒரு பை நிறையக் கிழங்கும் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை இல்லை. மாலையில் பஸ் குறைவு. இறங்கியவுடனேயே திரும்பும் நேரத்தை விசாரித்துவிடுங்கள். அது இப்போது விளைகிற நிலம், கேட்டுவிட்டு உள்ளே இறங்குங்கள். மலைமேல் போன் எடுக்காது.

கச்சிராயபாளையத்தில் சிக்னல் வந்ததும் சேகர் ஊரிலிருக்கும் தன் அப்பாவைக் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்குப் போனதையும், சின்னபொண்ணுவைப் பார்த்ததையும் சொன்னார். "நீங்களும் ஒரு வாட்டி வாங்கப்பா. அந்தம்மாகிட்ட பேசுங்க," என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மாமனார் கேட்டார்: "அங்க வரைக்கும் ஜீப்பு போவுமா?"

போகும். மழைக்காலத்தில் மட்டும் கடைசிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும்.