எண்பத்திரண்டு வேண்டாம், முப்பத்தொன்று போதும்

அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் நடந்தது எங்கள் டுடோரியல். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு வைப்பார்கள். சைக்ளோஸ்டைல் செய்த வினாத்தாள் இரண்டு நிறத்தில் வரும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வெள்ளை. தமிழ் மீடியத்திலிருந்து வந்த எங்களுக்கு ரோஸ். இதை யாரும் விதி என்று எழுதி ஒட்டவில்லை. சார் முகத்தைப் பார்த்தே தாளை நீட்டுவார், நாங்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வோம்.

ரோஸில் நான் ராணி. எண்பது, எண்பத்திரண்டு, ஒரு தரம் எண்பத்தைந்து. பக்கத்துப் பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த அப்பா, என் மதிப்பெண் தாளில் வாராவாரம் கையெழுத்துப் போடுவார். அவர் வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஐம்பதுக்குக் கீழே போனால் டுடோரியல் நின்றுவிடும், டைப்ரைட்டிங்கில் சேர வேண்டும். எண்பத்திரண்டு வாங்குகிறவளுக்கு ஐம்பதைப் பற்றி என்ன கவலை?

ஒரு ஞாயிறு ரோஸ் தாள் தீர்ந்துபோனது. "சும்மா எழுதிப் பாரும்மா" என்று சார் என் கையில் வெள்ளையைக் கொடுத்தார். முதல் கேள்வியே இப்படி: ஒருவன் தன் நிலத்தில் பள்ளம் வெட்டி மூடாமல் விட்டான். அடுத்த வீட்டு மாடு வேலியைத் தாண்டி வந்து அதில் விழுந்தது. நஷ்டம் யாருடையது? நான் ரோஸ் தாளுக்காகக் குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தவள். மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? முப்பத்தொன்று வந்தது.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த இரண்டில் எது உண்மையான தேர்வைப் போல இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் அந்தத் தேர்வின் வினாத்தாளை அறையைவிட்டு வெளியே எடுத்துவர விடமாட்டார்கள். எழுதியவர்களின் ஞாபகம்தான் ஒரே வழி. எல்லாரும் தேறியவர்களைத் தேடிப் போனார்கள். "ஈசிதான், நல்லா படி" என்பதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பஸ் பிடித்து, எங்கள் டுடோரியலில் படித்து, போன வருடம் எழுதித் தேறாத ஒரு அக்காவைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துப் போனவகிட்ட இன்னா கேக்க வந்துகீற?"

"தோத்ததாலதாங்கா வந்தேன். பாஸ் பண்ணவங்க எல்லாத்தையும் மறந்துட்டாங்க. உங்களுக்கு மறந்திருக்காது இல்ல?"

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "கனவுலகூட வருது கண்ணு. எழுதிக்க."

மாத்திரை மடிக்கிற தாள்களைக் கொடுத்தாள். ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, நடுநடுவே சொல்லிக்கொண்டே வந்தாள். மொத்தம் இருபத்துமூன்று கேள்விகள். வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினேழு அச்சுஅசலாக வெள்ளைத் தாளின் மாதிரி. ரோஸோடு ஒத்துப்போனவை இரண்டு.

மறுநாளே சாரிடம் போய் நின்றேன். "இனிமே எனக்கு வெள்ளைதான் வேணும் சார்."

"ரோஸ்ல நல்லாதானே வந்துகினு இருக்க? அதுலயே எழுதும்மா, தன்னம்பிக்கை வரும்."

"அத ஹால் டிக்கெட்டோட உள்ள எடுத்துனு போக முடியாது சார்."

"வாயப் பாரு, வாய!"

"வக்கீலுக்குத்தானே சார் படிக்கிறேன்?"

சாரிடம் பேசிவிடலாம். அப்பாவிடம்? முப்பத்தொன்று போட்ட தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாம்மா இது? டைப்ரைட்டிங்ல எடம் கீதான்னு கேட்டுகினு வரட்டா?"

"அம்பதுன்னு சொன்னியே நைனா, எந்தத் தாள்லன்னு சொல்லலையே."

"எகத்தாளமா?"

எண்பத்திரண்டு வாங்கிய ரோஸ் தாளையும் மருந்துக் கடைத் தாள்களையும் பக்கத்திலேயே பரப்பினேன். "இதான் நைனா அங்க வரப்போறது. எம்பத்திரண்ட நம்பிப் போனா, எங்க தோக்கறேன்னுகூட தெரியாம தோத்துட்டு வருவேன்."

அவர் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுத்துக்கூட்டி வெள்ளைத் தாளைப் படித்தார். புரியாத வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டார். மாட்டுக் கேள்வியில் நின்றுவிட்டார்.

"பள்ளம் வெட்னவன்தான் குடுக்கணும். மூடி வெக்க வேணாம்?"

"மாட்டக் கட்டிப் போடாதது அவங்க தப்பு இல்லையா?"

"அவன் எடத்துல அவன் வெட்டுனான்னாலும்..." என்று ஆரம்பித்து, தன் கட்சி எங்கே போய்விட்டது என்று அவரே தேடினார். அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: "சோறு ஆறுது! மாட்டுப் பஞ்சாயத்த அப்பால வெச்சிக்கங்க!"

சாப்பிட்டு முடித்ததும் தீர்ப்பு வந்தது. "கையெழுத்துப் போடமாட்டேன். நிறுத்தவும் மாட்டேன். பரிச்ச வரிக்கும் பாக்கறேன்." எனக்கு அது போதும்.

அடுத்த ஞாயிறு வெள்ளைத் தாளில் இருபத்தெட்டு. இன்னும் குறைந்திருந்தது. சார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டு, "அப்பவே சொன்னேன்ல?" என்றார். முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து மேசைக்குப் போனேன்.

"மீதி இருக்கற வெள்ளைத் தாளு எல்லாத்தையும் ஒண்ணா குடுங்க சார். வாரத்துக்கு ஒண்ணு எனக்குப் பத்தாது."