நொச்சிக்குப்பத்து விசுவாசப் பிரமாணம்

மதுரையிலிருந்து வந்த கையோடு, அபிராமபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்க நிற்கிறேன். மீன்கார அம்மா எடை போட்டுவிட்டு, தராசின் அடியிலிருந்து ஈரமான ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டுகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஞானஸ்நானமாம். விசுவாசப் பிரமாணத்தைச் சபை முன்னால் பார்க்காமல் சொல்ல வேண்டுமாம்.

“நான் சொல்லிக்கினே கிளீன் பண்றேன். தப்பு வந்தா சொல்லு சார்.”

என் நெற்றித் திருநீறு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. செதில் தெறிக்கிறது. வானத்தையும் பூமியையும் படைத்தவரில் தொடங்கி, கன்னி மரியாள், சிலுவை, அடக்கம் வரை தடங்கலே இல்லை. நானும் வாத்தியார் தோரணையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போகிறேன்.

“கடல்ல இறங்கி, மூணாம் நாள்...”

“பாதாளத்தில்னு போட்டிருக்கும்மா.”

“தெரியும் சார். பாஸ்டரும் நாலு வாட்டி திருத்திட்டாரு. வாய்ல வரமாட்டேங்குது.” கத்தி நிற்கிறது. “எங்க வூட்டுக்காரரு போட்ல போயி ஆறு வருசம் ஆவுது. பாடிகூட கெடைக்கல. ஏசப்பா கடல்ல இறங்கலன்னா, அவர யாரு சார் மேல தூக்கினு வருவாங்க?”

நான் தாளை மடித்துவிடுகிறேன். அவர் அடுத்த மீனை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அந்த இடம் வருகிறது. இந்த முறையும் ஏசப்பா கடலில்தான் இறங்குகிறார்.

“சரியா கீதா சார்?”

“எல்லாம் சரியா இருக்கும்மா” என்கிறேன்.