கருங்கல் தீவில் ரிஸ்வானின் பங்கு

“…தன்ட தண்ணிப் பங்கையும் எனக்கே தந்திட்டு மூணு நாள் வெறும் வாயோட கிடந்தவர் இவர். இந்த மச்சான் இல்லாட்டி நான் அந்தக் கல்லுலயே மவுத்தாகியிருப்பன். அந்தத் தண்ணிக்குத்தான் என்ட மகளை இவர்ட மகனுக்குத் தாறன். வேற கதை ஒண்டும் வேணாம்,” என்று ரிஸ்வான் சபையில் சொன்னான்.

நுரைச்சோலையில் அவனுடைய வீட்டு முன்னறை. பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பெருமை பேசத் தெரியாத மனிசன் என்று யாரோ பக்கத்தில் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தத் தண்ணீரை நான் கொடுக்கவில்லை. இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன், ஏனென்றால் ஜின், பேய் என்று யாராவது தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகிற ஆள் நான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலம், ஓலைக் கொட்டிலுக்குள் புழுக்கம் தாங்காமல் வருடக் கணக்காக, மையத்து அடக்குகிற மையவாடி மதிலோரம் பாய் விரித்துப் படுத்தவன். கபுறுக்குள் இருக்கிற சனம்தான் ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காத சனம் என்று பகிடி விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்த நிறுத்தம் வந்து, கடலுக்குப் போகிற கெடுபிடியெல்லாம் தளர்ந்த பிறகு, நானும் ரிஸ்வானும், வாரக் கணக்காகக் கடலில் தங்கி மீன் பிடிக்கிற ஒரு பலநாள் படகில் ஏறினோம். ரிஸ்வான் என் தங்கை சாராவின் புருஷன். நான் இயந்திரம் பார்க்கிறவன். படகின் ஸ்கிப்பர் ஹனீபா நானா. நாலாவது ஆள் தலவிலப் பக்கத்து அன்ரன், தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வருகிற பொடியன், வாயைத் திறந்தால் சிரிப்பு. புறப்படுகிற அன்று சாரா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். “இவரைக் கூட்டிட்டு வந்திருங்க நானா” என்றாள், அவ்வளவுதான்.

தெற்கே வெகு தூரம் போன பிறகு கியர்பெட்டி உடைந்தது. நான்தான் இயந்திரக்காரன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரேடியோவும் செத்தது. நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனோம், இருபது நாளுக்கு மேல், நாட்களை அன்ரன்தான் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தான், பிறகு அவனும் விட்டுவிட்டான். மழைத் தண்ணீரைத் தறப்பாள் விரிப்பில் பிடித்துக் குடித்தோம். அதுவும் நின்று, பிளாஸ்டிக் கானில் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு காலையில் தூரத்தில் கறுப்பாக ஒரு மலை தெரிந்தது.

கரை என்றால் நமக்குத் தெரிந்தது மணலும் தென்னையும்தானே. அங்கே மணல் இல்லை, மரம் இல்லை, புல் ஒன்றுகூட இல்லை. அடுப்புக் கரி மாதிரி கறுத்த கல்லு, கையை வைத்தால் கிழிக்கிற கூர். மலையின் உச்சியை யாரோ கடித்துத் துப்பினது போல இருந்தது. அதன் சரிவில் இரண்டு மூன்று இடத்தில் வெடிப்புக்குள்ளிருந்து வெள்ளை ஆவி சத்தம் போட்டுக்கொண்டு வந்தது, பழுதான முட்டை மணம். நெருப்பு மலை என்று படத்தில் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் மூச்சு விடும் என்று தெரியாது.

படகு கல்லில் மோதிப் பிளந்தது. குதிக்கும்போது ரிஸ்வானின் கால் இரண்டு கல்லுக்கிடையில் போய், முழங்காலுக்குக் கீழே முறிந்தது. தண்ணீர்க் கானையும் குடிக்கிற தகரப் பேணிகளையும் காப்பாற்றினோம், வேறொன்றும் இல்லை. கரையோரம் அலை ஏறியதால் ரிஸ்வானைச் சரிவில் கொஞ்சம் மேலே, குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லின் நிழலில் கொண்டுபோய்க் கிடத்தினோம். நாங்கள் மூவரும் கப்பல் ஏதும் தெரிகிறதா என்று பார்க்கக் கரையிலேயே இருந்தோம். தீவு முழுக்கத் தண்ணீர் தேடினோம். ஒரே ஒரு குட்டை கிடைத்தது, வாயில் வைத்தால் கடலை விடக் கேவலம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் உள்ள ஒரு முறையைச் சொல்ல வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஸ்கிப்பர்தான் ஊற்றுவார், அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முகத்தைப் பார்த்தால் ஊற்றுகிற அளவு ஆளுக்கு ஆள் கூடிப்போகும் என்பார்கள். குடித்தவன் பேணியைக் கவிழ்த்து வைப்பான். எழும்ப முடியாதவனின் பங்கை அவனுடைய சொந்தக்காரன்தான் கொண்டுபோவான், மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவனைக் கள்ளன் என்று நினைத்ததாகிவிடும். கடலில் அதைவிட வேறு அவமானம் இல்லை. நல்ல முறைதான். எல்லோரும் நல்லவனாக இருக்கும் வரைக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு தரம், நடுப்பகலில், ஒவ்வொருவருக்கும் அரைப் பேணி. முதல் நாள் என் பேணியையும் ரிஸ்வானின் பேணியையும் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினேன், என் பங்கைக் கொஞ்சத் தூரத்திலேயே குடித்துவிட்டேன். வெயிலில் கல்லு கொதிக்கிறது, செருப்பு இல்லை. பாதி வழியில் தடுக்கி, கொஞ்சம் கையில் சிந்தியது. கையை நக்கினேன். அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு ஒரு வாய், சிந்தாமல் இருக்கக் குறைக்கிறேன் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு. பிறகு அவனுடைய பேணி வெறுமையாக என் கையில் இருந்தது. எப்போது முடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாராவின் முகம் வந்தது. இல்லை, பொய் சொல்லக் கூடாது, முகம் வந்தது பிறகுதான்.

வெறும் பேணியோடு போனேன். ரிஸ்வான் கண்ணை மூடிக் கிடந்தான், காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. உலர்ந்து வெடித்திருக்க வேண்டிய உதடு ஈரமாக இருந்தது. தாடியில் சொட்டுச் சொட்டாக நின்றது. காற்றில் வந்த கடல் துமி என்று நினைத்தேன், நக்கிப் பார்க்கும் அளவுக்கு மிருகமாகிவிட்டேன், அது உப்பு இல்லை.

ஹனீபா நானா ஏதும் கொடுத்தாரா என்று சாடையாகக் கேட்டேன். “நான் எங்கடா மேல போனன், உன்ட ஆளை நீதானே பார்க்கிற,” என்றார்.

இரண்டாம் நாள் தடுக்கவும் இல்லை, சிந்தவும் இல்லை. கல்லு மறைவு வந்ததும் நின்று குடித்தேன். அவனுக்கு எங்கிருந்தோ வருகிறதுதானே என்று மனசு சொன்னது. இதைத்தான் நான் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் நினைத்து நினைத்து வெட்கப்பட்டது, வறண்ட தொண்டை திருடினதை அல்லாஹ் மன்னிப்பான், அந்தக் கணக்கான யோசனையை மன்னிப்பானா என்று. அன்றும் போய்ப் பார்த்தேன். உதடு ஈரம். நெஞ்சுச் சட்டையும் நனைந்திருந்தது. ரிஸ்வான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “திரும்பவும் வந்தீங்களா மச்சான், காணும், எனக்குப் போதும், நீங்க குடிங்க,” என்றான். காய்ச்சலில் பினாத்துகிறான் என்று நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கானில் அடித் தண்ணீர். ஹனீபா நானா ஊற்றிவிட்டுக் கானை அப்படியே சரித்து வைத்தார். நாளைக்கு இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் விளங்கியது. அன்றைக்கு ரிஸ்வானின் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் எழும்பினேன், உண்மையாகத்தான். கால் வரவில்லை. கல்லில் உட்கார்ந்து பேணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அன்ரன் ஆவி வருகிற பக்கம் நண்டு தேடிப் போயிருந்தவன், கரைக்கு வந்து என்னைக் கண்டதும் அப்படியே நின்றான்.

“நானா, நீங்க இங்கயா இருக்கிற?”

“ஏன்டா?”

“இப்பதானே நான் உங்கள மேல பாத்த, சீலைத் துண்ட ஆவிக்கு மேல விரிச்சு நாலு பக்கமும் கல்லு வச்சிட்டு நிக்கிறீங்க. நான் கூப்பிட்ட, நீங்க திரும்பேல்ல. நான் ஓடி வந்த, நீங்க எனக்கு முன்னுக்கு எப்பிடி வந்த?” சொல்லிக்கொண்டே சிலுவை போட்டான். சிரிக்கிற பொடியன், அவன் முகத்தில் அன்றைக்குப் பிறகு நான் சிரிப்பைக் காணவில்லை.

நான் தலையைத் தூக்கி ரிஸ்வான் கிடந்த கல்லுக் குடையைப் பார்த்தேன். நல்ல நடுப்பகல், நிழல்கூட இல்லாத நேரம், கண் மயக்கம் என்று சொல்லாதீர்கள், அன்ரனும் பக்கத்தில் நின்று பார்த்தான். அங்கே ஒரு ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். ஒரு சீலைத் துண்டை முறுக்கி ரிஸ்வானின் வாய்க்கு நேரே பிழிந்துகொண்டிருந்தான். அவன் போட்டிருந்த நீலச் சேட்டின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெல்டிங் நெருப்புப் பட்டு எரிந்த ஓட்டை. நான் மெதுவாகக் கையைப் பின்னால் விட்டு என் சேட்டின் முதுகைத் தடவினேன். என் விரல் என் முதுகுத் தோலில் பட்டது.

தன் முதுகை யாரும் பார்த்ததில்லைதானே. நான் பார்த்தேன்.

பேணியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், எப்படி ஏறினேனோ. போய்ச் சேரும்போது ஒருவரும் இல்லை. கல்லில் ஈரத் தடம் காய்ந்துகொண்டிருந்தது, பழுதான முட்டை மணம். ரிஸ்வான் நல்ல நித்திரையில் இருந்தான். அவன் வாயைத் திறந்து அந்த அரைப் பேணித் தண்ணீரை ஊற்றினேன், அவனால் முழுக்கக் குடிக்க முடியவில்லை, கடைவாயால் வழிந்தது. தாகம் இல்லாதவன் குடிக்கிற மாதிரி.

அடுத்த நாள் காலையில் ஒரு வெளிநாட்டு மீன் கப்பல் அன்ரன் கழற்றி ஆட்டிய சட்டையைக் கண்டு வந்தது. கப்பலில் மருந்து பார்க்கிற ஒரு வெள்ளைக்காரன் எங்கள் மூன்று பேருக்கும் சேலைன் ஏற்றினான். ரிஸ்வானின் தோலைக் கிள்ளிப் பார்த்தான், நாக்கைப் பார்த்தான், காலுக்கு மட்டும் கட்டுப் போட்டான். இவனுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று கையால் காட்டினான். ஹனீபா நானா என்னைப் பார்த்தார். உன் பங்கையும் அவனுக்குக் கொடுத்துவிட்டாய் என்பதுதான் அந்தப் பார்வை. அங்கேயிருந்து தொடங்கியது இந்தப் பெயர் எனக்கு. பிறகு சாரா என் கையைப் பிடித்து அழுதாள், ஊர் சொன்னது, பள்ளிவாசலில் சொன்னார்கள், நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

அன்ரன் இப்போது இத்தாலியில். போன் எடுத்தால் நன்றாகத்தான் கதைப்பான், அந்த நடுப்பகலைத் தொட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவான். ஒரு மௌலவியிடம் வேறு யாருக்கோ நடந்தது போல் கேட்டுப் பார்த்தேன். வந்தது மலக்கு என்கிற வானவரா, ஜின்னா என்று தனக்குத் தெரியாது, அல்லாஹ்வே அறிந்தவன், ஆனால் அது ஏன் அந்த மனிசருடைய உருவத்திலேயே வந்தது என்பதை அந்த மனிசர்தான் யோசிக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

சபையில் ரிஸ்வான் மகளைத் தருகிறேன் என்று சொன்னதும் என் மனசு ஒன்றைத்தான் கேட்டது. திருடின தண்ணீருக்கு ஒரு பெண் பிள்ளையைக் கூலியாக வாங்குவதா. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும், அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கி நிற்கிற இடத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் தடுக்கினது, இரண்டாம் நாள் நின்று குடித்தது, ஒன்றும் விடவில்லை. கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்து, நானே உள்ளே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கல்யாணம் நடந்தது, இப்போது எனக்கு ஒரு பேரப் பிள்ளையும் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

ரிஸ்வான் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரியும் இல்லை. சொட்டிக்கொண்டிருந்த தாங்கிக் குழாயை இறுக்கி மூடினான்.

“அப்ப உங்கட கை?” என்றான்.

“என்ன கை?”

“ஒவ்வொரு நாளும் சீலையைப் பிழியக்க உங்கட வலது உள்ளங்கையில தோல் உரிஞ்சு தொங்கிச்சே மச்சான். ஆவி சுட்டுப் போட்டுது, காரியமில்ல, குடி எண்டு நீங்கதானே சொன்னீங்க. கப்பல்ல பார்க்க எனக்குத் தெம்பில்ல. பிறகு ஆறியிருக்கும் எண்டு நினைச்சன்.”

என் வலது கையைப் பிடித்து, வெயில் படுகிற பக்கம் திருப்பி, விரல்களை விரித்துப் பார்த்தான். கிறீஸ் ஊறின ரேகையும் தூண்டில் கயிறு அறுத்த பழைய கோடும்தான் இருந்தன. பெருவிரலால் ஒருதரம் தடவினான். பிறகு கையை விட்டுவிட்டு, பின் கதவுக்குப் போனான். வாசற்படியில் கால் வைக்கப் போனவன் நின்றான். படியில் என் கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை. பெரியவர் ஒருவருக்கு வழி விடுகிற மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து, ஒரு ஆள் படியேறி உள்ளே போகிற நேரம் வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகுதான் அவன் உள்ளே போனான்.

நான் தாங்கியடியிலேயே நின்றிருந்தேன்.