முனியப்பன் கேட்ட இடது கை

முனியப்பனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் காவேரியம்மாளின் கும்பிடு. எனக்கு வலது கை மணிக்கட்டோடு கிடையாது. அதனால் இது ஒற்றைக் கைக் கும்பிடு. சாமி ஏற்றுக்கொண்டது, நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோயில் மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று பூசாரி கேட்டார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளை என் மருமகள் செல்வி திருத்தினாள். வார்த்தைகள் என்னுடையவை. அதில் ஒன்றைக்கூட மாற்ற நான் விடவில்லை.

கொரோனா அடங்கிய அடுத்த வருஷம், ஐப்பசி மாதம். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தீவனம் நறுக்குகிற மிஷினில் மாட்டுக்குச் சோளத்தட்டு, அதாவது சோளத் தண்டு, வெட்டிக்கொண்டிருந்தேன். தட்டு ஈரம். மிஷின் வாயில் சிக்கிக்கொண்டது. நிறுத்தாமல் கையால் தள்ளினேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் தள்ளியிருக்கிறேன். அன்றைக்குத் தட்டோடு கையையும் இழுத்துக்கொண்டது.

வலி உடனே தெரியவில்லை. மிஷின் சத்தம் மாறியதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து கரண்டை நிறுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"கீழ பாக்காத புள்ள. என் மூஞ்சியப் பாரு. என் மூஞ்சிய மட்டும் பாரு" என்றார்.

பால் வண்டிக்காரர் பால் கேன்களை இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த மூஞ்சியையே பார்த்துக்கொண்டு போனேன். மீசையில் தட்டுத் தூசி ஒட்டியிருந்தது. அது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

உயிர் தங்கியது. கை போயிற்று.

நான் கர்வக்காரி. அதை மறைக்கப் போவதில்லை. அந்தக் கை நாற்று நட்ட கை, வீடு மெழுகிய கை. நம் முனியப்பன் கோயிலில் ஆடி மாதப் பொங்கலுக்கு எங்கள் வகையறாவில் முதல் பானை எப்போதும் என் பானைதான். மாமியார் காலத்துக்குப் பிறகு வேறு யாரும் அந்தக் கரண்டியைத் தொட்டதில்லை. அந்தக் கை இல்லாமல் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இடது கை இருந்தது. ஆனால் அது எதற்கு உள்ள கை என்று உங்களுக்கே தெரியும். அதில் சாப்பிட மாட்டோம். கொடுக்க மாட்டோம், வாங்க மாட்டோம். சாமி காரியத்துக்கு அருகிலேயே கொண்டுபோக மாட்டோம். இந்த வயதில் அந்தக் கையால் சோறு தின்பதற்குப் பட்டினியே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர்தான் ஊட்டினார். களி எப்படிச் சாப்பிடுவது என்று தெரியும் அல்லவா? கிள்ளி, உருட்டி, குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்க வேண்டும். அவர் கை பெரிய கை. உருண்டையும் பெரிதாக இருக்கும்.

"மாட்டுக்கா உருட்டறீங்க?" என்பேன்.

"மாடு கொறை சொல்லாம திங்கும்" என்பார்.

ஒருநாள் அவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். "வர்ற ஆடிக்கு என் பொண்டாட்டி அவ கையாலயே பொங்க வெப்பான்னு சொல்லிருக்கறேன். வேற யாரும் கரண்டிய தொட மாட்டாங்கன்னும் சொல்லிருக்கறேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எந்தக் கையாலங்க? அதையும் சொல்லிட்டு வந்திருக்கலாமே?"

"அது உனக்கும் முனியப்பனுக்கும். என் வேல முடிஞ்சிது" என்று களியை உருட்ட ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண், இடது கையைப் பழக்க வேண்டும், தினமும் எழுதுங்கள் என்றாள். செல்வி சந்தையில் ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். நான் வேண்டாவெறுப்பாக எழுதினேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"இது ஆனாவா, நத்தையா?"

"நத்தைதாங்க. புடிச்சிக் கொழம்பு வெச்சித் தரேன்."

எழுத்து கொஞ்சம் நேராக வந்தபோது, "எங்க, என் பேர எழுது பாக்கலாம்" என்றார்.

நான் எழுதவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது கை அறுந்த நிலையிலும், பின்னாலேயே வந்து சேர்ந்த செல்வியைத்தான் பார்த்தேன். கட்டினவர் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சொல்வதே கூடாது என்றால் எழுதுவது எப்படி?

"அப்ப எழுதாத. நான் நூறு வருசம் இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தார். "கை நல்லா ஆகட்டும் புள்ள. ஒகேனக்கல்லு கூட்டிட்டுப் போயி பரிசல்ல ஏத்திவுடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம். ஆடிப் பதினெட்டுக்குப் போனாலும் கரையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிற மனிதர் அவர். "நீங்க ஏறுவீங்களா?" என்றேன். "நீ கூட இருந்தா ஏறுவேன்" என்றார்.

ஏறவில்லை. தை மாதம், மாட்டுப் பொங்கல் முடிந்து சில நாளில், வயலிலிருந்து வந்தார். சொம்புத் தண்ணீரைக் குடித்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

சிலேட்டை நானே கல்லில் அடித்து உடைத்தேன். செல்வி ஊட்ட வந்தாள், தள்ளிவிட்டேன். என் ஓரகத்தி மாதம்மாள், அதாவது என் கொழுந்தனார் பெண்சாதி, அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வந்தாள், அவளையும் தள்ளினேன். எதற்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது.

மாதம்மாள் லேசில் விடுகிறவள் அல்ல. "அக்கா, நீ போயிட்டா மாமா வெச்ச வேண்டுதல யாரு செய்யறது? நானா? என் பொங்கல முனியப்பன் மோந்துகூடப் பாக்க மாட்டாரு. உனக்கே தெரியும்" என்றாள்.

அது உண்மை. அவள் பொங்கல் எப்போதும் அடிப்பிடிக்கும்.

அமாவாசையன்று என்னைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். முனியப்பன் முன்னால் நின்றேன். அந்தப் பெரிய மீசையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. மனதுக்குள் கேட்டேன். வேலை செய்த கையை எடுத்துக்கொண்டாய். ஊட்டிவிட்ட கையையும் எடுத்துக்கொண்டாய். அவர் உனக்குக் கொடுத்த வாக்கு மட்டும் நிற்கிறது. அதை எதைக் கொண்டு நான் முடிக்கட்டும்? சொல். சொல்லாமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

அப்போது பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். எல்லோரும் வலது கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். விரல் இல்லாத அந்த மொட்டைக் கையைத்தான் நீட்டினேன். இடது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பூசாரி நின்றுவிட்டார். "இதுல போட்டா கொட்டிடுமுங்க அக்கா. அந்தக் கைய நீட்டுங்க."

"அது பீச்சாங்கை சாமி."

"உங்களுக்குத்தான் பீச்சாங்கை. படைச்சவருக்கு ரெண்டும் கைதான். சட்டுனு நீட்டுங்கக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

எதைக் கொண்டு செய்யட்டும் என்று நான் கேட்டது பூசாரிக்குத் தெரியாது. மாதம்மாளுக்கும் தெரியாது. உள்ளுக்குள் கேட்டேன். அந்தக் கையை நீட்டு என்று பதில் வெளியே வந்தது. சேலைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினேன். திருநீறு விழுந்தது. அது கொட்டவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் கையாலேயே களி தின்றேன். பாதி உருண்டை குழம்புக்குள் விழுந்தது. விழுந்ததையும் எடுத்துத் தின்றேன். செல்வி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுவாத, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றேன்.

ஆடிக்குள் கையைத் தேற்றியாக வேண்டும். காலையில் வெறும் பானையில் தவிட்டையும் தண்ணீரையும் போட்டுக் கிளறிப் பழகினேன். மாடுகள் அந்தக் கூழைக் குடித்தே கொழுத்தன. சாயங்காலம் எழுத்து. உடைத்த சிலேட்டைப் பற்றிச் செல்வி ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொன்று வாங்கி வந்தாள். ஆனா ஆவன்னா முடிந்துவிட்டது. இனி எதை எழுதுவது? மனதில் இருந்தது அவர் ஒருத்தர்தான். அவரையே எழுதினேன். சிலேட்டு போதவில்லை, காகிதத்துக்குப் போனேன்.

அவர் துண்டைக் கட்டினார். அவர் வண்டியை நிறுத்தினார். அவர் என்னைத் தூக்கினார்.

செல்வி படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "அத்தை, மாமாவும் அவரு, பால் வண்டிக்காரரும் அவரு, டாக்டரும் அவரு. யாரு யாரத் தூக்குனாங்கன்னே தெரியலீங்க. மாமா பேர எழுதிடுங்க. இப்ப என்ன ஆகப் போவுது?"

அவர் போன பிறகும் என்னால் முடியவில்லை. இருந்தபோது கொடுத்த மரியாதையை இல்லாதபோது எடுப்பேனா?

மாதம்மாள்தான் வழி சொன்னாள். "வேற பேரு வெச்சிட்டுப் போக்கா. யாரு கேக்கப் போறா?"

எங்கள் வகையறாவில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடி எல்லப்பன் என்று வைத்தேன். அவர் பெண்சாதிக்குப் பொன்னி என்று வைத்தேன். பெயர் மாறியதும் அது கதையாகிவிட்டது. கதை என்றானதும் என் பேனாவுக்குத் துணிச்சல் வந்தது. எல்லப்பன் வயலிலிருந்து வந்தார், சொம்புத் தண்ணீர் குடித்தார், சுவரில் சாய்ந்தார். பிறகு எழுந்துகொண்டார். எழுந்து, "பொன்னி, கெளம்பு, ஒகேனக்கல்லு போலாம்" என்றார்.

அதை எழுதிவிட்டு நான் அடுத்த காகிதத்தை எடுத்தேன்.

என் கதையில் எல்லப்பன் பரிசல் ஏறுகிறார். ஏறும்போதே கத்துகிறார். பரிசல்காரர் சுற்றிவிடுகிறபோது, முனியப்பா முனியப்பா என்று பொன்னியின் மொட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். "என் கையா உங்களக் காப்பாத்தப் போவுது?" என்கிறாள் பொன்னி. "வேற எது காப்பாத்தும்?" என்கிறார் அவர். இது நடக்கவில்லை. நடந்திருந்தால் அவர் இப்படித்தான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும்.

செல்வி ஒன்று கேட்டாள். "மாமாவ எழுப்பிட்டீங்க. பொன்னிக்குக் கையும் குடுத்துடலாமே அத்தை? கதைதானே?"

இரண்டு நாள் யோசித்தேன். கொடுக்கலாம். ஒரு வரி எழுதினால் கை வந்துவிடும். ஆனால் கை அறாமல் இருந்தால் தலைத்துண்டை அவிழ்க்க மாட்டார். என் மூஞ்சியப் பாரு என்று சொல்ல மாட்டார். களி உருட்ட மாட்டார். அவர் என்மேல் வைத்திருந்த பிரியத்தை முழுசாக நான் பார்த்ததே கை போன பிறகுதான். அதனால் பொன்னிக்குக் கை கொடுக்கவில்லை. அவள் ஒற்றைக் கையோடுதான் பரிசல் ஏறினாள்.

மாதம்மாளையும் கதையில் வைத்தேன். தள்ளிவிட்டாலும் திரும்பி வந்து தலை வாரிவிடுகிற பச்சையம்மாள் அவள்தான். செல்வி படித்துக் காட்டியபோது மாதம்மாளுக்குக் கோபம். "ஏங்க்கா, பேரத்தான் மாத்திட்டியே, அடிப்புடிச்ச பொங்கல மாத்தக் கூடாதா? ஊரே சிரிக்கும்."

"அத மாத்துனா நீயின்னு எனக்கே தெரியாதே" என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடி வந்தது. கோயிலில் அடுப்பு மூட்டினேன். மாதம்மாள் பக்கத்தில் நின்றாள், கரண்டியைத் தொடவில்லை. மொட்டைக் கையில் துணியைச் சுற்றிப் பானையின் விளிம்பை அணைத்துக்கொண்டேன். இடது கையால் கிளறினேன். தோள் கடுத்தது. புகை கண்ணைக் கரித்தது. விடவில்லை. பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. குலவைச் சத்தத்தில் மாதம்மாள் சத்தம்தான் பெரிது. அவர் சொன்ன சொல் நின்றது. அடிப்பிடிக்கவும் இல்லை.

எழுதிய காகிதங்களை முனியப்பன் காலடியில் வைத்து எடுத்தேன். சாயங்காலம் மைக் போட்டிருந்தார்கள். செல்வி படிப்பதாகத்தான் ஏற்பாடு. நான் வாங்கிக்கொண்டேன். எழுத்துக்கூட்டி, நின்று நின்று, நானே படித்தேன். யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் இண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். என்னை அவருக்குத் தெரியாது, எங்கள் வீட்டுச் சேதி எதுவும் தெரியாது. என் மொட்டைக் கையைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கம்மா, அந்த எல்லப்பன் இப்ப நல்லா இருக்காருங்களா?"

செல்வி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் தடுமாறவில்லை.

"நல்லா இருக்காருங்க" என்றேன்.

கையைக் கொடு என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன், சாமி கொடுக்கவில்லை. என்னை எடுத்துக்கொள் என்று கேட்டேன், அதையும் செய்யவில்லை. எதைக் கொண்டு செய்யட்டும் என்று கேட்டபோது மட்டும் அந்த நிமிஷமே பதில் சொன்னது. இப்போது நான் என் கையால் சாப்பிடுகிறேன், என் கையால் எழுதுகிறேன். இரண்டாவது கதை பாதியில் இருக்கிறது. அதிலும் எல்லப்பன் வருகிறார். என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிய முனியப்பனுக்கும், தள்ளத் தள்ள வந்து நின்ற இரண்டு பெண்களுக்கும் நான் உயிருள்ளவரை கடன்பட்டவள்.

எதையாவது இழந்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். எழுந்து கோயிலுக்கு வாருங்கள். அழ முடியாவிட்டால் சண்டை போடுங்கள், முனியப்பன் தாங்கிக்கொள்வார். போன கையை நீட்டாதீர்கள். இருக்கிற கையை நீட்டுங்கள். அதில் போடுவதற்கு அவரிடம் இருக்கிறது.

ஆடிக்கு எல்லோரும் வாருங்கள். முதல் பானை என்னுடையதுதான்.